2025-ல் 5 பவுண்டு ஒயினில் வரி 3 பவுண்டு 60 பென்ஸ்!

மாலை 6 மணி. லண்டனில் ஆபீஸ் விட்டு வரும் கூட்டம் கடைகளில் மொய்க்கிறது.

ரொட்டி, பால், முட்டை வாங்கிய கையோடு ஒயின் அலமாரிப் பக்கமும் ஒரு நடை. ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் அங்கே பல வீடுகளில் வழக்கம்.

5 பவுண்டுக்கும் பாட்டில் இருக்கிறது. 50 பவுண்டுக்கும் இருக்கிறது. "எதுக்கு வம்பு? இருக்கறதிலே மலிவா ஒண்ணு எடு!" என்று சம்பளக்காரரின் கை 5 பவுண்டு பாட்டிலுக்குத்தான் போகும்.

அங்கேதான் ஏமாற்றம்!

எல்லாருக்கும் ஒரே வரி

பிரிட்டனில் மது வரியை பாட்டிலின் விலையைப் பார்த்துப் போடுவதில்லை. உள்ளே இருக்கும் ஆல்கஹால் அளவுக்குத்தான் வரி. 2025 பிப்ரவரி விகிதப்படி, 12.5 சதவீத ஆல்கஹால் உள்ள 750 மில்லி பாட்டிலுக்கு 2 பவுண்டு 77 பென்ஸ். ஏழை பாட்டிலானாலும், சீமான் பாட்டிலானாலும் அதேதான்! அதற்கு மேல் 20 சதவீத விற்பனை வரி வேறு.

அந்த விகிதத்தில் 5 பவுண்டு பாட்டிலில் ரெண்டு வரியும் சேர்ந்து 3 பவுண்டு 60 பென்ஸை விழுங்கிவிடும். மிச்சம் 1 பவுண்டு 40 பென்ஸ். கடைக்காரர் லாபம், கப்பல் கூலி, பாட்டில், மூடி, லேபிள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். திராட்சைக்கு என்ன மிஞ்சும்?

அதே விகிதத்தில் 10 பவுண்டு பாட்டிலில் வரி 4 பவுண்டு 44 பென்ஸ். மிச்சம் 5 பவுண்டு 56 பென்ஸ். விலை ரெண்டு மடங்கு. மிச்சமோ கிட்டத்தட்ட நாலு மடங்கு!

விலை சொன்னால் ருசி!

"அப்படின்னா 50 பவுண்டு பாட்டில் அமிர்தமா இருக்குமோ?"

அதுதான் இல்லை. காசு ஏற ஏற, பேருக்கும் புகழுக்கும்தான் அதிகம் போகிறது.

2008-ல் வெளிவந்த ஒரு கலிபோர்னியா ஆராய்ச்சியில் 20 பேருக்கு ஒயின் கொடுத்தார்கள். ஒரே ஒயினை ஒரு தடவை 10 டாலர் என்றும், இன்னொரு தடவை 90 டாலர் என்றும் சொன்னார்கள். 90 டாலர் என்றபோது "பிரமாதம்!" என்றனர். விலையைச் சொல்லாமல் கொடுத்தபோது வித்தியாசமே தெரியவில்லை!

காணாமல் போன திராட்சை

குறைந்த காசில் நல்ல ஒயின் வேண்டுமானால், பேர் பெற்ற ஊரை விட்டு அடுத்த ஊரைப் பார்க்க வேண்டும்.

பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் 'ஷாட்டோநெப் து பாப்' என்றால் யானை விலை. அக்கம்பக்கத்தில் பெரும்பாலும் அதே கிரெனாஷ் திராட்சையில் செய்த 'கோட் து ரோன்' அதைவிட எவ்வளவோ மலிவு.

போர்ச்சுகல் ஒயினும் அப்படித்தான். திராட்சைகளின் பேர் வெளியூர்க்காரர் வாயில் நுழையாது, விலையும் ஏறாது.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக் கதை இன்னும் வேடிக்கை. போர்டோவில் விளைந்த 'கார்மெனேர்' திராட்சை, 1860-களில் தொடங்கிய வேர்ப்பூச்சித் தாக்குதலில் அழிந்துபோனது என்றே எண்ணினார்கள். ஆனால் அதற்கு முன்பே கொடிகள் கப்பலேறி சிலி போயிருந்தன! அங்கே 'மெர்லோ' என்ற பேரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். 1994-ல் பிரெஞ்சு நிபுணர் ழான் மிஷெல் பூர்சிகோ கண்டுபிடித்தார். இப்போது சொந்தப் பேரிலேயே விற்கிறது.

கனமான பாட்டிலைக் கண்டும் மயங்கக் கூடாது. கனம் கண்ணாடியில்தான்!

கணக்குப் பிள்ளை தீர்ப்பு

10 பவுண்டு என்பது சும்மா இல்லை. பிரிட்டனில் 2025 ஏப்ரலில் 21 வயதானவருக்குச் சட்டம் வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். ஒரு பாட்டிலுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும்.

அதற்கும் வழி உண்டு. வாரம் ரெண்டு 5 பவுண்டு பாட்டில் வாங்குகிறவர், ஒரே ஒரு 10 பவுண்டு பாட்டில் வாங்கினால் போதும். செலவு அதேதான். 2025 பிப்ரவரி விகிதப்படி, வரி மட்டும் 7 பவுண்டு 20 பென்ஸிலிருந்து 4 பவுண்டு 44 பென்ஸாக இறங்கும்.

குடிப்பது பாதி... ருசி ஜாஸ்தி... வீட்டில் சண்டையும் குறைச்சல்!