இஸ்தோப்பில் விரிக்கப்படும் பாய்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் ஒருவர் வீடற்றவராவது பெரும்பாலும் அவருடைய லயத்திலேயே, அதாவது தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பிலேயே, தொடங்குகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா என்னும் ஒற்றை அறைக்குள் இரண்டு தலைமுறைகள் நெருங்கி வாழும்போது, இரவெல்லாம் உறங்காமல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பவரின் பாய் முதலில் இஸ்தோப்புக்கு, அதாவது காம்பராவின் முன்னுள்ள ஒடுங்கிய திண்ணைக்கு, நகர்த்தப்படுகிறது. லயம் தோட்டத்தின் உடைமையாகவும், அதில் குடியிருப்பது குடும்பத்தின் உழைப்போடு பிணைந்ததாகவும் இருந்துவருவதால், கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர், அதாவது பாதி நாட்கூலி, வாங்கியவர் பின்னர் வேலைக்கே போய்ப் பேர் போட இயலாமற்போகையில், அந்தக் கூரையின் மீது அவருக்கிருந்த பிடியும் தளர்கிறது. கோடாங்கியிடம் குறி கேட்பதிலும் செய்வினை கழிப்பதிலும் கையிருப்புக் கரைந்த பிறகு, அவர் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பஸ் நிலையத்தின் ஓரத்தில் ஒதுங்கினால், ஊரார் அவரைப் பைத்தியம் என்று சொல்லிக் கடந்துபோகின்றனர்.

சட்டம் அவரை வேறுவிதமாகவே பார்த்து வந்திருக்கிறது. பிரித்தானியர் 1841இல் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் வீதியில் திரிவதையும் இரப்பதையும் குற்றமாக்கியது. 1873இல் வந்த மனநோய்க் கட்டளைச் சட்டமோ நோயாளியை நீதிமன்றத்தின் வழியாக மனநோய் வைத்தியசாலைக்கு அனுப்ப வகைசெய்தது. ஒரே மனிதர் ஒரு சட்டத்தின்படி குற்றவாளி, மற்றதன்படி அடைத்துவைக்கப்பட வேண்டியவர். அவருக்குத் தங்குமிடம் தேவை என்பது இரண்டின் அக்கறையுமன்று.

இப்படித் தெருவுக்கு வருபவரைப் பீடித்திருக்கக்கூடிய மனச்சிதைவு என்பது இல்லாத குரல்கள் கேட்பதும், பிறர் தமக்குத் தீங்கு சூழ்வதாக உறுதியாக நம்புவதுமான நோய். அதற்கு மருந்து உண்டு. அதைத் தொடர்ந்து எடுப்பதே வீடற்றவருக்கு அரிது. நாள்தோறும் மாத்திரை விழுங்க இயலாதவர்களுக்கென உள்ள நீண்டகால ஊசிகளுள் ஒன்றான ஃபுளூபெனசின் டெக்கனோயேட், நல்லெண்ணெயில் கரைக்கப்பட்டுத் தசையில் செலுத்தப்படுவதால் அங்கே தங்கி, சில வாரங்கள் வரை சிறுகச் சிறுக இரத்தத்தில் கலக்கிறது. வேறு மருந்துகளுக்கு நோய் கட்டுப்படாதபோது தரப்படும் குளோசபின் அவ்வளவு எளிதன்று. வெள்ளணுக்கள் அபாயகரமாகக் குறையக்கூடுமாதலால் தொடக்க மாதங்களில் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும். கிளினிக் கொப்பியை மழையில் நனையாமல் வைத்துக்கொள்ளவே இடமில்லாதவர், அடுத்த திகதியை நினைவில் வைத்து, பஸ் காசு தேடி, தமக்குத் தெரியாத சிங்களத்தில் தம் மனத்துள் கேட்கும் குரல்களை விளக்குவார் என எதிர்பார்ப்பது மருத்துவமாகாது. காய்ச்சலைச் சைகையால் உணர்த்தலாம். சந்தேகத்தையும் அச்சத்தையும் தாய்மொழியில்தான் சொல்ல முடியும்.

மனநோயும் வீடின்மையும் பிணைந்த இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கு நெருங்கிய முன்மாதிரி சென்னையில் உண்டு. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன் அமைப்பு, மனநோயுடன் தெருவில் திரிந்த பெண்களை ‘அடைக்கலம்’ என்னும் இல்லத்தில் சேர்த்துச் சிகிச்சையளித்து, அவர்கள் சொல்லும் ஊர்ப்பெயர்த் துணுக்குகளைக் கொண்டு குடும்பங்களைத் தேடியது. திரும்பிச் செல்ல வீடில்லாதவர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுவதைக் கண்டபின், 2015 முதல் நான்கைந்து பேர் சேர்ந்து, உதவியாளர் ஒருவரின் துணையுடன், சாதாரணத் தெருவிலுள்ள வாடகை வீட்டில் சமைத்து வாழும் முறையை நடைமுறைப்படுத்தியது. நியூயோர்க்கில் 1992இல் தொடங்கிய ‘முதலில் வீடு’ திட்டமும், குணமானால் வீடு என்ற நிபந்தனையைத் தலைகீழாக்கியது.

மலையகத்தில் இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே அந்த நீண்டகால ஊசி போடப்படுவதும், தமிழ் பேசும் மனநல ஊழியர் லயத்துக்கே வருவதும், நோயாளியின் குடியிருப்புரிமை அவர் வேலைக்குப் பேர் போடுவதைச் சாராமல் எழுத்தில் உறுதிசெய்யப்படுவதும் முதலில் வேண்டியவை. இவற்றுள் கடைசியானதை எந்த மருத்துவராலும் எழுதித்தர முடியாது. அது தோட்டக் கம்பனிகளும் அரசும் தரவேண்டியது.

பஸ் நிலையத்தில் அப்படியொருவரைக் காண்போர் பொலிஸை அழைக்குமுன், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.