குற்ற உடந்தையர் சாட்சியமும் மேல்முறையீட்டு ஆய்வும்: புபோனி சாகு வழக்கை முன்வைத்து

குற்றத்தில் தானும் பங்குகொண்டதாக ஒப்புக்கொள்ளும் ஒருவர், மன்னிப்புப் பெற்றுத் தம் கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார். நாளிதழ்கள் அவரை 'அப்ரூவர்' என்கின்றன. அவர் சொல்லை எந்த அளவுக்கு ஏற்பது என்பதற்கு 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இரு இடங்களில் விடையளித்தது. உடந்தையர் தகுதியுடைய சாட்சியே. ஒத்துறுதி பெறாத அவரது சாட்சியத்தின் மீது அமைந்தது என்பதனால் மட்டுமே தண்டனை சட்டவிரோதமாகிவிடாது என்றது பிரிவு 133. முக்கிய விவரங்களில் ஒத்துறுதி பெறாதவிடத்து அவர் நம்பத்தகாதவர் என நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றது பிரிவு 114இன் 'பி' எடுத்துக்காட்டு. முன்னது விதி, பின்னது எச்சரிக்கை. தண்டிக்கப்பட்டவரின் மேல்முறையீடு இவ்விரண்டுக்கும் இடையில்தான் வழி தேட வேண்டியிருந்தது.

அவ்வழியைத் தெளிவாக்கியது 1949இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த புபோனி சாகு வழக்கு. ஒரிசாவில் நிகழ்ந்த ஒரு கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட சாகுவுக்கு எதிராக இருந்தவை அப்ரூவரின் சாட்சியமும், உடன் எதிரி ஒருவர் அளித்துப் பின்னர் மறுத்த ஒப்புதல் வாக்குமூலமும், கைப்பற்றப்பட்டதாகக் கூறப்பட்ட சில பொருள்களுமே. பாட்னா உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்திருந்தது. சர் ஜான் போமான்ட் வழங்கிய தீர்ப்பு அதனை ஏற்கவில்லை. உடன் எதிரியின் வாக்குமூலம் சத்தியப் பிரமாணத்தின் மீது அளிக்கப்படுவதன்று. குறுக்கு விசாரணைக்கும் உட்படாதது. அப்ரூவரின் சாட்சியத்தைவிட வலுக்குறைந்த ஒன்று அச்சாட்சியத்திற்கே ஊன்றுகோலாக இயலாது.

தீர்ப்பின் சிறந்த பகுதி இதுவன்று. உடந்தையர் பொய்யர் என்பதே ஆபத்து எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அவர் பெரும்பாலும் மெய்யே சொல்கிறார் என்பதிலேயே உண்மையான ஆபத்து உள்ளதெனத் தீர்ப்பு கண்டது. கொலை நடந்த இடமும் முறையும் அவருக்குத் தெரியும். அவ்விவரங்களைச் சரிபார்த்தால் பொருந்தவே செய்யும். அம்மெய்க்கதைக்குள் குற்றமற்ற ஒருவரின் பெயரைச் செருகுவது அவருக்கு எளிது. எனவே குற்றம் நடந்ததற்கான ஒத்துறுதி போதாது. குறிப்பிட்ட எதிரியைக் குற்றத்துடன் இணைக்கும் தற்சார்பான சான்று வேண்டும். இங்கிலாந்தில் 1916ஆம் ஆண்டின் பாஸ்கர்வில் வழக்கு நிறுவிய இக்கோட்பாடு, இவ்வழக்கில் ஒரு மனிதரின் விடுதலையாக முடிந்தது.

சர்வன் சிங் வழக்கில் (1957) உச்ச நீதிமன்றம் ஒரு வரிசையையும் வகுத்தது. அப்ரூவர் நம்பகமானவரா என்பது முதற்சோதனை. அதில் தேறிய பின்னரே ஒத்துறுதி பற்றிய கேள்வி எழும். மேல்முறையீட்டாளருக்கு இது முக்கியமானது. முதற்படியிலேயே சாட்சி வீழ்ந்தால், பிற சான்றுகளை அவர் சொல்லோடு சேர்த்து ஒட்டவைக்க இடமில்லை. உடன் எதிரியின் வாக்குமூலத்தைப் பிற சான்றுகளை எடைபோட்ட பிறகே நோக்க வேண்டும் என்று ஹரிசரண் குர்மி வழக்கு (1964) கூறியதும் இத்திசையிலேயே.

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 138, பழைய பிரிவு 133இன் இடத்தில் நிற்கிறது. 'ஒத்துறுதி பெறாத' என்றிருந்தது 'ஒத்துறுதி பெற்ற' என மாறியுள்ளது. ஒரு முன்னொட்டு நீங்கியதில் விதியும் எச்சரிக்கையும் முரண்பட்ட நிலை மறைந்தது. ஆனால் ஒத்துறுதியற்ற சாட்சியத்தின் மீதான தண்டனை சட்டவிரோதம் என்று அப்பிரிவு வெளிப்படையாகக் கூறவில்லை. 'பி' எடுத்துக்காட்டு பிரிவு 119இல் தொடர்கிறது. அந்நாளுக்கு முன்பே நிலுவையிலிருந்த மேல்முறையீடுகளுக்குப் பிரிவு 170இன்படி 1872ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும்.