புரதங்களுக்குத் தூண்டில் போடும் விஞ்ஞானிகள்: உடம்புக்குள்ள யார் யாரோடு கூட்டு?

எந்த இரைக்கு எந்த மீன் வரும்? புதுச்சேரி வீராம்பட்டினத்தில் தூண்டில் போடும் மீனவர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் உயிரியல் ஆய்வகங்களும் பல வருஷமாகக் கேட்கின்றன. அங்கே இரையும் புரதம், சிக்குவதும் புரதம்.

இது ஏன் முக்கியம்?

நம்மிடம் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. எந்தப் புரதமும் தனியாக வேலை பார்ப்பது அரிது. இன்னொன்றோடு ஒட்டித்தான் பார்க்கும். அந்த ஒட்டுதல் கெட்டால் நோய் வரலாம். சரி, யார் யாரோடு ஒட்டுகிறார்கள்? ஜோடி போட்டுப் பார்த்தால் சுமார் 20 கோடி ஜோடிகள் வரும்!

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

1989இல் ஸ்டான்லி ஃபீல்ட்ஸ், ஓக்-கியூ சாங் இருவரும் ஈஸ்ட்டை வைத்து ஒரு வழி சொன்னார்கள். ஈஸ்ட்டில் மரபணுவை 'ஆன்' செய்யும் ஒரு சுவிட்ச் புரதத்தை இரண்டு துண்டாக்க வேண்டும். ஒரு துண்டை 'பெய்ட்' புரதத்தோடு, அதாவது தூண்டில் இரையோடு இணைக்க வேண்டும். இன்னொன்றை 'ப்ரே' புரதத்தோடு, அதாவது சிக்கப்போவதோடு. இரண்டும் ஒட்டினால் சுவிட்ச் முழுசாகி மரபணு ஆன் ஆகும். அந்த மரபணு ஒரு சத்தைத் தயாரிப்பதாக இருந்தால், அந்தச் சத்து இல்லாத தட்டிலும் ஈஸ்ட் வளரும். ஒட்டலைன்னா பட்டினிதான்.

இந்த முறையில் சுமார் 17,500 மனித மரபணுக்களின் புரதங்களை ஜோடி ஜோடியாகச் சோதித்த 'ஹூரி' வரைபடம் 2020 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வந்தது. கிடைத்தவை சுமார் 53,000 தொடர்புகள்.

இன்னொரு முறை வலை வீசுவது மாதிரி. ஒரு புரதத்துக்கு அடையாள வால் கட்டி, அதைப் பிடித்து வெளியே இழுப்பார்கள். கூட ஒட்டி வருபவை எவை என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சொல்லிவிடும்.

இந்தியாவின் பங்கு?

பெங்களூருவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்' நிறுவனமும் அகிலேஷ் பாண்டே குழுவும் சேர்ந்து 2003இல் 'ஹெச்பிஆர்டி' என்ற மனிதப் புரதத் தரவுத்தளத்தை வெளியிட்டார்கள். ஆய்வுக் கட்டுரைகளை உயிரியலாளர்களே படித்து, தொடர்புகளைக் கையால் பதிவு செய்தார்கள்.

இதனால நமக்கு என்ன லாபம்?

கொரோனா சமயத்தில் நெவன் க்ரோகன் குழு, வைரஸின் 26 புரதங்களுக்கு வால் கட்டி இழுத்தது. மனிதப் புரதங்களோடு 332 தொடர்புகள் சிக்கின. அவற்றைக் குறிவைக்கக்கூடிய 69 மருந்துப் பொருட்களையும் பட்டியலிட்டார்கள். புது மருந்துக்கு வருஷக்கணக்கில் காத்திருக்காமல், கையில் இருப்பதைச் சோதிக்க அது ஒரு தொடக்கம்.

ஆனால் உஷார்! அந்த ஆய்வில் பேசப்பட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளிடம் பிரிட்டனின் 'ரெக்கவரி' சோதனை பரிசோதித்தது. பலன் இல்லை என 2020 ஜூனில் தெரிந்துவிட்டது. ஆய்வகத்தில் ஒட்டும் புரதங்கள் உடம்பில் சந்திக்காமலே போகலாம். சில தொடர்புகள் ஈஸ்ட்டில் தெரியவே தெரியாது. வரைபடம் இன்னும் பாதிகூட முடியலை.

அதனால் அடுத்த முறை 'இந்தப் புரதத்தைத் தாக்கும் மருந்து ரெடி' என்று வாட்ஸ்அப்பில் வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: தட்டில் ஒட்டியதா, நோயாளிக்குக் குணமானதா?