ஜங்புராவில் ஒரு மதராஸி கேம்ப் இருந்தது

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: நாடாளுமன்ற வளாகத்திலிருந்து புறப்பட்டால் ஏழு கிலோமீட்டருக்குள் வந்துவிடும் தென்கிழக்கு தில்லியின் ஜங்புரா. அங்கே பாராபுல்லா கழிவுநீர் ஓடையின் கரையில், அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ் பேசிக்கொண்டிருந்த ஒரு குடியிருப்பு 2025 ஜூன் 1-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை இடித்து அகற்றப்பட்டது. அரசுக் காகிதங்களிலும், பக்கத்துத் தெருக்காரர்களின் பேச்சிலும் அதன் பெயர் 'மதராஸி கேம்ப்'. பலத்த போலீஸ் பாதுகாப்புடன் இயந்திரங்கள் நுழைந்தன. பகல் முடிவதற்குள் பெரும்பகுதி வெறும் செங்கல் குவியலாகிவிட்டது.

தில்லியில் குடிசைப் பகுதிகள் இடிக்கப்படுவது புதிய செய்தியல்ல. அடுத்த பத்தாம் நாளே கால்காஜியின் பூமிஹீன் கேம்ப்பிலும் இதே காட்சி அரங்கேறியது. ஆயினும் மதராஸி கேம்ப் விவகாரத்தில் நீதிமன்றம், சட்டம், மறுவாழ்வுக் கொள்கை என அனைத்தும் முறைப்படியே நடந்தன. முறைப்படி நடந்தும் பாதிக் குடும்பங்கள் கணக்கிலிருந்து விடுபட்டன என்பதே இதில் ஆராய வேண்டியது.

இடம்பெயர்ந்தவர்களின் ஊர்

ஜங்புராவின் பெயருக்கும் ஜங் எனப்படும் போருக்கும் தொடர்பில்லை. ஆங்கிலேயர்கள் புதிய தலைநகரை எழுப்ப ரைசினா பகுதியில் நிலம் எடுத்தபோது வெளியேற்றப்பட்ட கிராமத்தவர்களுக்காக யங் என்ற ஆங்கிலேய அதிகாரி ஏற்படுத்திய குடியிருப்பு 'யங்புரா' ஆகி, மக்கள் வாயில் ஜங்புராவாக மாறியது என்பர். இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையும் நாடாளுமன்றமும் நிற்கும் வட்டாரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களின் ஊர் அது.

1947 பிரிவினைக்குப் பிறகு மேற்கு பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளுக்கு ஜங்புரா எக்ஸ்டென்ஷனிலும் அருகிலுள்ள லாஜ்பத் நகரிலும் இடம் அளிக்கப்பட்டது. அந்த வீடுகள் இன்று கோடிக்கணக்கில் விலைபோகின்றன. அவர்களுக்கு அரசு நிலப் பத்திரம் தந்தது. அதில் தவறேதும் இல்லை. அதன் பின்னர் 1960-களின் இறுதியிலிருந்து வேலை தேடி வந்த தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்களுக்கு மட்டும் கிடைத்தது ஓடைக்கரை. பத்திரம் ஏதும் இல்லை. மழை பொய்த்த கிராமங்களிலிருந்து ரயிலேறியவர்கள் அவர்கள். கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் விரைவு ரயில் இன்றும் வந்து நிற்பது ஜங்புராவுக்குப் பக்கத்திலுள்ள ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில்தான்.

மதராஸி கேம்ப்பின் பெண்களில் பெரும்பாலோர் ஜங்புரா, நிஜாமுதீன், டிஃபன்ஸ் காலனி, மகாராணி பாக் பகுதிகளின் வீடுகளில் பாத்திரம் துலக்கியும் சமைத்தும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும் சம்பாதித்தனர். காலையில் மூன்று வீடு, பிற்பகலில் இரண்டு வீடு என்பது இத்தகைய வேலையின் கணக்கு. இதில் பேருந்துக் கட்டணத்துக்கு இடமில்லை. நடந்து சென்று நடந்து திரும்பும் தொலைவில் வீடு இருந்தால் மட்டுமே நடக்கும் தொழில் இது. ஆண்கள் ஓட்டுநர்களாகவும் துப்புரவுப் பணியாளர்களாகவும் இருந்தனர். சிலர் தள்ளுவண்டியில் இட்லி, தோசை விற்றனர். வந்த காலத்தில் பிறந்த குழந்தைகள் இப்போது பேரக்குழந்தை பார்த்துவிட்டார்கள். தில்லிவாசிகளுக்கு அவர்கள் இன்னும் 'மதராஸி'கள். சொந்த ஊரிலோ அவர்கள் 'தில்லிக்காரர்கள்'.

ஓடையும் வெள்ளமும்

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2024 ஜூன் 28-ஆம் தேதி சஃப்தர்ஜங் வானிலை மையத்தில் 24 மணி நேரத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவானது. 1936-க்குப் பிறகு ஜூன் மாதத்தில் தலைநகர் ஒரே நாளில் அவ்வளவு மழையைக் கண்டதில்லை. தெற்கு தில்லியின் வசதி படைத்த காலனிகளிலும் வீட்டுக்குள் நீர் புகுந்தது. அப்பகுதிகளின் மழைநீரை யமுனைக்குக் கொண்டுசெல்லும் பெரிய வடிகால் பாராபுல்லா. அது அடைபட்டுக் கிடப்பதை தில்லி உயர்நீதிமன்றம் கடுமையாக எடுத்துக்கொண்டது. ஓடையைத் தூர்வார இயந்திரங்கள் செல்ல வழியில்லை என்று பொதுப்பணித் துறை கூறியது.

2025 மே 9-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவில் உயர்நீதிமன்றம், பருவமழைக்கு முன் ஓடையைச் சீரமைக்க கேம்ப்பை அகற்றுவது அவசியம் என்றும், அது பொது நிலம் என்பதால் மறுவாழ்வு பெறும் உரிமைக்கு மேல் அங்கு வசிப்போர் வேறு உரிமை கோர முடியாது என்றும் தெரிவித்தது. ஜூன் 1-இல் பணி தொடங்க வேண்டும். அதற்குள் தகுதியுள்ளவர்களுக்கு நரேலாவில் வீடு ஒப்படைக்கப்பட வேண்டும். அங்கே அடிப்படை வசதிகள் செய்து தரப்பட வேண்டும் என்பன உத்தரவின் சாரம்.

ஓடையை மறித்தவர்கள் குடிசைவாசிகள் மட்டும்தானா என்ற கேள்வியை இங்கே தவிர்க்க இயலாது. 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காக சராய் காலே கானிலிருந்து ஜவாஹர்லால் நேரு மைதானம் வரை போடப்பட்ட உயர்மட்டச் சாலை இந்த ஓடையின் வழியாகவே செல்கிறது. ஜஹாங்கீர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பாராபுல்லா கல்பாலத்துக்கடியில் தண்ணீர் ஓட பதினொரு வளைவுகள் விட்டிருந்தார்கள். நம் காலத்துப் பொறியாளர்கள் தண்ணீருக்கு அத்தனை மரியாதை காட்டவில்லை.

யார் தகுதியானவர்?

கேம்ப்பில் கணக்கெடுக்கப்பட்ட குடும்பங்கள் 370. இடிப்பின்போது வெளியான தகவலின்படி நரேலா வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189. மற்றவர்கள் வேற்று நாட்டிலிருந்து ஊடுருவியவர்களோ, நேற்று முளைத்தவர்களோ அல்லர். அதே சந்துகளில் அதே காலம் வாழ்ந்தவர்கள். எங்கே விடுபட்டார்கள் என்பது தில்லி அரசின் 2015-ஆம் ஆண்டு குடிசைவாசிகள் மறுவாழ்வுக் கொள்கையைப் படித்தால் விளங்கும்.

குடியிருப்பு 2006 ஜனவரி 1-க்கு முன் உருவாகியிருக்க வேண்டும். தனிப்பட்ட குடிசை 2015 ஜனவரி 1-க்கு முன் கட்டப்பட்டிருக்க வேண்டும். குடும்பத் தலைவரின் பெயர் 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஏதேனும் ஒன்றிலும், கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும். இவற்றோடு குறிப்பிட்ட ஆவணங்களில் ஒன்றும் வேண்டும். மாடியில் வசிப்பவராயின் அவர் பெயரில் தனி ரேஷன் அட்டை தேவை.

இந்தக் கடைசி விதி எத்தனை குடும்பங்களைப் பிரித்திருக்கும் என்பதை ஒரு சந்தில் நின்று யோசித்தாலே புரியும். தந்தை தரைத்தளத்தில் இருக்கிறார். மகனுக்குத் திருமணமானதும் மேலே ஓர் அறை எழுப்பிக் கொடுக்கிறார். மகன் தனிக்குடித்தனம்தான், ஆனால் ரேஷன் அட்டை ஒன்றே. கணக்கெடுப்பாளரின் படிவத்தில் தந்தை தகுதியானவர், மகன் இல்லாதவர். தில்லியில் புதிய ரேஷன் அட்டை வாங்குவது எவ்வளவு சுலபம் என்பதை அதற்கு விண்ணப்பித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பிழைப்புக்காகச் சில ஆண்டுகள் ஊருக்குத் திரும்பிச் சென்றதால் பட்டியலில் பெயர் நீங்கியவர்கள், எழுத்துப் பிழையால் ஆவணங்களில் இரு பெயர் கொண்டவர்கள் என இப்படி விடுபடுவதற்கான வழிகள் பல.

தகுதி பெற்றவர்களுக்கும் வீடு இலவசம் அல்ல. பயனாளியின் பங்காக 1,12,000 ரூபாயும், ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு 30,000 ரூபாயும் கொள்கையில் நிர்ணயிக்கப்பட்டுள்ளன. வீட்டுவேலை செய்பவர் இத்தொகையைக் கடன் வாங்கித்தான் கட்ட முடியும்.

அதே கொள்கையில் இன்னொரு வரியும் உண்டு. மாற்று வீடு அதே நிலத்தில், அல்லது ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தரப்பட வேண்டும். தவிர்க்க முடியாத சூழலில் மட்டும், வாரியத்தின் முன் அனுமதியுடன், அதைத் தாண்டலாம். ஹரியாணா எல்லையை ஒட்டிய நரேலா ஜங்புராவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மன்மோகன் சிங் அரசின் நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டக் காலத்தில் தொடங்கி நகரின் விளிம்பில் கட்டப்பட்டு, ஆளின்றிக் கிடந்த அடுக்குமாடி வீடுகள் பல்லாயிரம். விதிவிலக்கே விதியாகிவிட்டதற்கு அந்தக் காலி வீடுகளும் ஒரு காரணம்.

அஜய் மாக்கன் தொடுத்த ஷகூர் பஸ்தி வழக்கில் 2019 மார்ச்சில் இதே தில்லி உயர்நீதிமன்றம், வீட்டுரிமை என்பது தலைக்கு மேல் கூரை மட்டுமன்று, தொழில், கல்வி, உடல்நலம் ஆகியவற்றோடு பின்னிப் பிணைந்தது என விளக்கியிருந்தது. ஐந்து வீட்டு வேலைக்காக நாள்தோறும் 80 கிலோமீட்டர் பயணம் செய்ய எந்தப் பெண்ணாலும் முடியாது. வீடு கிடைத்த குடும்பங்களிலும் வருமானம் போயிற்று.

அவையில் நிறைவேறிய பாதுகாப்பு

தில்லியின் குடிசைப் பகுதிகளைக் காக்க நாடாளுமன்றமே சட்டம் இயற்றியுள்ளது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 2006-இல் உச்சநீதிமன்ற உத்தரவுப்படி குடியிருப்புப் பகுதிக் கடைகளுக்கு சீல் வைக்கப்பட்டபோது வணிகர்கள் கொதித்தெழுந்தனர். அவசரமாக ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. வணிகர்களுக்காகப் பிறந்த அச்சட்டத்தில் குடிசைவாசிகளும் சேர்க்கப்பட்டனர். ஓராண்டுக்கு என்று கூறப்பட்ட பாதுகாப்பு 2007, 2009, 2011, 2014, 2017, 2021 எனப் புதுப்பிக்கப்பட்டு, 2023 டிசம்பரில் நிறைவேறிய திருத்தத்தால் 2026 டிசம்பர் 31 வரை நீண்டது. கட்சிகள் மாறின, சட்டம் மாறவில்லை. கடைசி நீட்டிப்பு, இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்ட குளிர்காலத் தொடரில் நிறைவேறியது. விவாதம் எப்படி இருந்திருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

இச்சட்டம் மதராஸி கேம்ப்பை ஏன் காக்கவில்லை? குறிப்பிட்ட பொதுத் திட்டத்துக்குத் தேவைப்படும் நிலத்திலிருந்து குடிசைகளைக் கொள்கைப்படி அகற்றலாம் என்ற விலக்கு சட்டத்திலேயே உள்ளது. வடிகால் சீரமைப்பு பொதுத் திட்டம். நீதிமன்ற ஆணையும் சேர்ந்தபின் கேள்விக்கு இடமேது?

அரசியல் கட்சிகளின் நிலை வேறு. 'ஜஹாம் ஜுக்கி, வஹீம் மக்கான்', அதாவது குடிசை இருக்கும் இடத்திலேயே வீடு என்ற முழக்கத்தை பாரதிய ஜனதாவும் ஆம் ஆத்மியும் மாறி மாறி எழுப்பியுள்ளன. 2025 பிப்ரவரி சட்டப்பேரவைத் தேர்தலில் ஜங்புராவில் ஆம் ஆத்மியின் மணீஷ் சிசோடியா, பாஜகவின் தர்விந்தர் சிங் மார்வாவிடம் தோற்றது வெறும் 675 வாக்குகளில். இத்தகைய தொகுதியில் 370 குடும்பங்களின் வாக்கு என்ன பெறும் என்பதை அரசியல் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மாதம் கழிவதற்குள், நீதிமன்ற உத்தரவை எந்த அரசும் மீற முடியாது என்று புதிய முதல்வர் ரேகா குப்தா கூறிவிட்டார். ஆம் ஆத்மி ஆட்சியில் இருந்த பத்தாண்டுகளில் அதே இடத்தில் வீடு கட்டித் தரப்படாதது ஏன் என்பதற்கு அக்கட்சியிடமும் பதில் இல்லை.

தமிழக அரசு, சொந்த மாவட்டங்களுக்குத் திரும்ப விரும்புவோருக்கு உதவி செய்வதாக அறிவித்தது. நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் தில்லியில் பிறந்து தில்லியில் மணமுடித்த மூன்றாம் தலைமுறைக்குச் சொந்த மாவட்டம் எது? இடிப்பு நடந்தபோது நாடாளுமன்றம் கூடியிருக்கவில்லை. மழைக்காலத் தொடர் ஜூலை 21-இல் தொடங்கியபோது ஐம்பது நாள்கள் கடந்திருந்தன. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தம் குறித்த அமளியில் அவைகள் மூழ்கின.

பள்ளிக்கூடம் எங்கே?

1923-இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. கேம்ப்பின் குழந்தைகள் பலர் படித்தது அவற்றுள் அருகிலிருந்த லோதி எஸ்டேட் பள்ளியில். தமிழைப் பாடமாகப் படிக்க அவர்களுக்கு இருந்த வாசல் அது ஒன்றுதான். நரேலாவில் அக்கழகத்தின் பள்ளி இல்லை. அங்குள்ள அரசுப் பள்ளிகளில் சேர்ந்தால் தமிழ் வீட்டுப் பேச்சாக மட்டுமே மிஞ்சும்.

தகுதி கிடைக்காத குடும்பங்களில் சில ஜங்புராவைச் சுற்றியே வாடகை அறைகளில் ஒண்டிக்கொண்டுள்ளன. வேலை போகக்கூடாது, பள்ளி போகக்கூடாது என்பதற்காக வருமானத்தின் பெரும்பகுதியை வாடகையாகத் தருகிறார்கள். இவர்கள் வாடகை தாங்காமல் நாளை வேறோர் ஓடைக்கரையில் தகரம் போட்டுக் குடியேறினால், அது 2015 ஜனவரி 1-க்குப் பிந்தைய குடிசை. இன்றுள்ள கொள்கைப்படி அங்கே எந்தக் கணக்கெடுப்பாளர் வந்தாலும் அவர்களை எழுதிக்கொள்ள மாட்டார்.