பவளத் தொட்டிக்கு எந்த விளக்கு?

பவளம் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது கழுத்து மாலையும் மோதிரமும்தான். ஆசாரி கையில் வந்து சேரும் அந்தச் சிவப்புப் பவளம், மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் வெளிச்சம் குறைந்த ஆழத்திலும் பாறைக் குகைகளிலும் வளர்வது. அதற்கு வெயில் வேண்டாம். மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்றே காலம் தள்ளிவிடும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அதன் தூரத்து உறவான வேறொரு பவளத்தைப் பற்றி. அது வெயிலைச் சாப்பிட்டு வளர்வது. அதைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் நம் தில்லித் தமிழ்க் குடும்பங்களிலும் இருக்கிறார்கள்.

பொங்கல் விழா அன்று சங்க அரங்கத்து வாசலில் ஒரு இளைஞர் என்னைப் பிடித்துக்கொண்டார். “மாமா, நீங்க ரொம்ப நாளா உப்புத்தண்ணித் தொட்டி வெச்சிருக்கீங்களாமே. நான் ஒண்ணு ஆரம்பிக்கப் போறேன். லைட் எல்.இ.டி. வாங்கட்டுமா, மெட்டல் ஹாலைடு வாங்கட்டுமா? கடையில ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க” என்றார். பக்கத்தில் நின்ற அவர் அம்மா, “எதுவா இருந்தாலும் கரண்ட் பில்லைப் பார்த்துச் சொல்லுங்கண்ணா” என்றார். நின்றபடி இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. மலருக்கே எழுதிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெளிச்சம்தான் சோறு

பவளம் செடியும் அல்ல, கல்லும் அல்ல. அது ஒரு விலங்கு. ஆனால் அதன் சதைக்குள் ஸூஸாந்தெல்லே எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் லட்சக்கணக்கில் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தை வாங்கி ஒளிச்சேர்க்கை செய்து, சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடுகின்றன. சில பவளங்களுக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரை இப்படித்தான் வருகிறது. பதிலுக்குப் பவளம் தங்க இடமும் கழிவாக உரமும் தருகிறது. நல்ல குடித்தனக்காரர், நல்ல வீட்டுக்காரர்!

ஆகவே மீன் தொட்டியில் விளக்கு நம் கண்ணுக்கு அழகு. பவளத் தொட்டியில் அது சோறு. குறைந்தால் பவளம் பட்டினி கிடந்து மெலியும். கூடினாலும் ஆபத்து. அளவுக்கு மீறிய ஒளியில் பாசிகள் தீங்கான ஆக்சிஜன் பொருள்களை உண்டாக்குகின்றன. பவளம் தாங்க முடியாமல் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகும். வெப்பம் ஏறினாலும் இதேதான் நடக்கும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நம் நாட்டுப் பவளப்பாறைகள் பெருமளவில் வெளிறியது கடல்நீர் சூடானதால்தான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே போதும்.

இந்த ஒளியை வாட்டில் அளப்பது பழைய வழக்கம். ‘இத்தனை லிட்டருக்கு இத்தனை வாட்’ என்ற கணக்கு இன்று செல்லாது. வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். அது கக்கும் ஒளி அல்ல. பெட்டி மேல் போட்டிருக்கும் 10,000 கெல்வின், 20,000 கெல்வின் என்பதும் நிறத்தைச் சொல்கிறதே தவிர பலத்தைச் சொல்வதில்லை. பவளத்துக்குப் பயன்படும் அளவை ‘பார்’ என்பார்கள். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள், ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதே அந்தக் கணக்கு. வெப்பநாட்டு நடுப்பகல் வெயில் கடல் மட்டத்தில் சுமார் 2,000 இருக்கும். தண்ணீருக்குள் போகப் போக அது குறையும். முதலில் சிவப்பு காணாமல் போகும். நீலம்தான் ஆழம் வரை போகும். பவளத் தொட்டி விளக்குகள் நீலமாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

விளக்குக்கு முன்னால் ஒரு கேள்வி

எந்த விளக்கு என்று கேட்பதற்கு முன், எந்தப் பவளம் என்று கேட்க வேண்டும். காளான் பவளம், பொத்தான் போன்ற ஸோவாந்திட், தோல் பவளம் முதலான மென் பவளங்களுக்கு 50 முதல் 150 வரை ‘பார்’ தாராளம். கிளை கிளையாகக் கல் கட்டி வளரும் ஆக்ரோபோரா வகைகளுக்கு 200 முதல் 350 வரையும் அதற்கு மேலும் வேண்டும். வெளிநாட்டு ஆர்வலர்கள் மெட்டல் ஹாலைடைக் கொண்டாடியதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கல் பவளங்களுக்காகத்தான்.

இங்கேதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001-இல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம் ஆகியவை அதில் அடக்கம். புலிக்கும் இதே முதல் அட்டவணைதான். நம் கடலில் இவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். செத்த பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். ‘லைவ் ராக்’ என்று கடையில் கிடைப்பது பல சமயம் உடைத்தெடுத்த பவளப்பாறைதான்.

சட்டம் வீணாக வரவில்லை. இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. சுண்ணாம்புக்கும் கட்டடக் கல்லுக்கும் அங்கே பல காலம் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 1986-இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அலையைத் தடுத்துக் கரையைக் காப்பதும், மீனுக்குத் தாய்வீடாக இருப்பதும் அந்தப் பாறைகள்தான். பாறை போனால் தீவு கரைகிறது. நம் ஊர்க் கடலை உடைத்து வந்து தில்லி வரவேற்பறையில் வைத்து என்ன பெருமை?

எனவே இங்கே வீட்டில் தொட்டி வைப்பவர் அட்டவணையில் இல்லாத மென் வகைகளோடு நிற்பதே முறை. அவற்றுக்கும் ரசீதும், எங்கிருந்து வந்தது என்ற விவரமும் கேட்டு வாங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு வாங்கலாம். கல்லுக்குப் பதில் சுட்ட மண் பாறை, செயற்கைப் பாறை போதும். இப்படி முடிவு செய்துவிட்டால் விளக்குக் கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடுகிறது.

மெட்டல் ஹாலைடு: குணமும் குறையும்

விளையாட்டு மைதானங்களில் கூசக் கூச எரிந்த விளக்குகள் நினைவிருக்கும். அதே இனம்தான் இது. குவார்ட்ஸ் குழாய்க்குள் பாதரச ஆவியும் உலோக ஹாலைடு உப்புகளும் இருக்கும். அவற்றின் ஊடே மின்வில் பாய்ந்து ஒளி வருகிறது. தொட்டிகளுக்கு 150, 250, 400 வாட் அளவுகளில் பயன்படுத்துவார்கள். இதன் பெருமையை மறைக்கக் கூடாது. ஒளி நிறப்பட்டை முழுவதும் பரவியிருக்கும். நல்ல பிரதிபலிப்பான் இருந்தால் தொட்டி முழுக்கச் சீராக விழும். ஆழம் வரை போகும். தரையில் ஓடும் அலை நெளிவைப் பார்த்தால் கடலுக்குள் நிற்பது போலிருக்கும்.

2007-இல் நான் தொடங்கியபோது என்னிடம் இருந்தது 250 வாட் மெட்டல் ஹாலைடுதான். டிசம்பரில் சொர்க்கம். மே மாதம் வெளியே 44 டிகிரி. தொட்டித் தண்ணீர் 31-க்கு ஏறிவிட்டது. பவளத்துக்கு 25 முதல் 27 வரைதான் சுகம். விளக்கின் அகச்சிவப்புக் கதிர் தண்ணீரை நேராகச் சூடாக்குகிறது. ஆவியாவதும் அதிகம், அதனால் உப்பும் ஏறுகிறது. தினமும் நல்ல ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. கடைசியில் குளிர்விக்கச் சில்லர் வாங்கினேன். விளக்குக்கு ஒரு செலவு, விளக்கின் சூட்டைத் தணிக்க இன்னொரு செலவு.

இன்னொன்று, மின்வெட்டு. கரண்ட் போய் உடனே வந்தாலும் சூடான மெட்டல் ஹாலைடு உடனே எரியாது. ஆறியபின் எரிய 10, 15 நிமிடம் ஆகும். வீட்டு இன்வர்ட்டரில் இதை ஓட்டுவதும் சரிப்படாது. பல்பை ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஏனென்றால் எரிந்துகொண்டே இருந்தாலும் பலமும் நிறமும் மாறிவிடும். உள்ளே பாதரசம் இருப்பதால் பழைய பல்பைக் குப்பையில் போடக் கூடாது. இருமுனை பல்புக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கட்டாயம்.

எல்.இ.டி.: குணமும் குறையும்

எல்.இ.டி.யில் குறைக்கடத்தி ஒன்றே ஒளி தருகிறது. நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பவளத் தொட்டிக்கு வேண்டியதும் அந்த நீலம்தான். பாசியின் பச்சையம் நன்றாக வாங்கிக்கொள்ளும் 420 முதல் 470 நானோமீட்டர் பகுதியிலேயே ஒளியைக் கொடுக்க முடிவதால் குறைந்த மின்சாரத்தில் அதிகப் பலன். சூடு மேல்பக்கம் உலோகத் தகடு வழியாகப் போய்விடுகிறது. தண்ணீரில் இறங்குவது குறைவு. பலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். காலையில் மெல்ல ஏறி மாலையில் மெல்ல இறங்கும்படி வைக்கலாம்.

குறைகளும் உண்டு. லென்ஸ் வைத்த விளக்கானால் நடுவில் பலமும் ஓரத்தில் இருட்டும் விழும். பாறைக்கு அடியில் நிழல் கடுமையாக இருக்கும். மலிவு விளக்குகளில் எழுதியிருக்கும் வாட் ஒன்று, உண்மை வாட் வேறொன்று. உப்புத் திவலை பட்டு விசிறி சிக்கிக்கொண்டால் விளக்கே போய்விடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதன் பலம் கண்ணுக்குத் தெரியாது. நம் கண் பச்சையையே அதிகம் உணரும். நீலத்தை மங்கலாகத்தான் காணும். செல்போனில் உள்ள லக்ஸ் மீட்டரும் அப்படித்தான். ‘மங்கலா இருக்கே’ என்று கூட்டிக்கொண்டே போவோம், பவளம் கருகிவிடும்.

கரண்ட் பில் கணக்கு

அந்த அம்மாவுக்காக ஒரு கணக்கு. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள, ஏறத்தாழ 190 லிட்டர் தொட்டி. ஒரு 250 வாட் மெட்டல் ஹாலைடு, அதன் சோக்கோடு சேர்த்து சுமார் 280 வாட். கூட நீல நிறத்துக்கு 39 வாட் டியூப் இரண்டு. மொத்தம் 358 வாட். நாளுக்கு 8 மணி நேரம் எரிந்தால் மாதம் 86 யூனிட். அதே தொட்டிக்கு 120 வாட் எல்.இ.டி.யை முழு பலத்தில் எரித்தாலும் மாதம் 29 யூனிட்தான். மென் பவளத்துக்கு முழு பலம் தேவையும் இல்லை. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் மாதம் 688 எங்கே, 232 எங்கே! ஆண்டுக்கு 5,400 ரூபாய்க்கு மேல் மிச்சம். பல்பு மாற்றும் செலவும் சில்லர் கூடுதலாக ஓடும் செலவும் இதில் சேரவில்லை.

மாற்றும்போது நான் செய்த தவறு

2016-இல் நானும் எல்.இ.டி.க்கு மாறினேன். புது விளக்கு வந்த அன்றே முழு பலத்தில் எரியவிட்டேன். பத்து நாளில் காளான் பவளங்கள் சுருங்கிச் சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்துவிட்டன. தோல் பவளம் பூக்கவே இல்லை. விளக்கைத்தான் திட்டினேன். பிறகுதான் ஒரு நண்பரிடம் ‘பார்’ மீட்டர் இரவல் வாங்கி அளந்து பார்த்தேன். காளான் இருந்த இடத்தில் 300-க்கு மேல்! 30 சதவீதத்துக்குக் குறைத்து, வாரம் 5 சதவீதமாக ஏற்றினேன். இரண்டு மாதத்தில் தேறின. இரண்டு காளான் மட்டும் பிழைக்கவில்லை. குற்றம் விளக்கில் இல்லை, என் அவசரத்தில்.

ஆகவே சில குறிப்புகள்:

• விளக்கை நீர் மட்டத்துக்கு 8 முதல் 12 அங்குலம் மேலே தொங்கவிடுங்கள்.

• குறைந்த பலத்தில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுங்கள்.

• நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும். இரவு பவளத்துக்கும் இருட்டு வேண்டும்.

• ‘பார்’ மீட்டர் விலை அதிகம். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றி அளக்கலாம்.

• உப்புத்தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் இருக்கின்றன. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடாமல் தொட்டி வைக்காதீர்கள். ஒயர் பிளக்குக்கு முன்னால் தொங்கி வளைந்து மேலேறட்டும். அப்போதுதான் வழிந்த நீர் பிளக்குக்குப் போகாது.

மீட்டர்க்கணக்கில் ஆழமான பெரிய காட்சித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மெட்டல் ஹாலைடு இன்னும் உதவலாம். ஒன்றரை, இரண்டு அடி ஆழத்தில் மென் பவளம் வளர்க்கிற நமக்கு, தில்லி வெயிலிலும் மின்வெட்டிலும், எல்.இ.டி.தான் சரி. நல்லதாக ஒன்று, அடக்கமாக எரிகிற ஒன்று.

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். ஆனால் விளக்கு வாங்குவதற்கு முன்னால், அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒருநாள் மண்டபம் கடற்கரைக்குப் போய் நில்லுங்கள். பவளத்துக்கு அங்கே எரியும் விளக்கு ஒன்றே ஒன்று. அதற்கு பில்லும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு வந்தால், தொட்டியில் எதை வைக்கலாம், எதைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.