கூட்டாக வாங்கிய வீட்டை விற்றால் யாருக்கு எவ்வளவு?

அண்ணனும் தம்பியும் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் பக்கம் வாடகைக்கு விடுவதற்கென்று சரிபாதிப் பங்கில் ஒரு கொண்டோமினிய வீடு வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் மத்திய சேம நிதியிலிருந்து 200,000 வெள்ளி எடுத்துப் போட்டார்; தம்பி ரொக்கமாகவே கட்டினார். 20 ஆண்டில் கடன் அடைந்தது. இப்போது விற்கப் போகிறார்கள்.

வங்கி விலகினாலும் சேம நிதி விலகாது. எடுத்த தொகையோடு, அது கணக்கிலேயே கிடந்திருந்தால் சேர்ந்திருக்கும் ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டு வட்டியும் விற்ற பணத்திலிருந்து அண்ணன் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தொடக்கத்திலேயே எடுத்திருந்தால் 200,000 வெள்ளி இந்நேரம் ஏறக்குறைய 327,700 ஆகியிருக்கும்.

சண்டை இங்கேதான் தொடங்கும். அந்தத் தொகையை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பிரிப்பதா, பிரித்துவிட்டு அண்ணன் பங்கிலிருந்து எடுப்பதா? வீடு 1,400,000 வெள்ளிக்குப் போனால் முதல் வழியில் தம்பிக்கு 536,150; இரண்டாவதில் 700,000. சரிபாதி என்று பத்திரத்தில் இருந்தால் இரண்டாவதுதான் நியாயம் என்பேன். தம்பி கட்டிய ரொக்கத்துக்கு எந்த அமைப்பும் வட்டிக் கணக்கு வைக்கவில்லையே!

பங்கு வழக்கானால்? கடனை யார் சுமப்பதென்று வாங்கும்போது ஒப்புக்கொண்டதையே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007 தீர்ப்பில் முக்கியமாகக் கொண்டது. பின்னால் ஒருவர் கூடுதலாகக் கட்டியது தனியாகத் தீர்க்கவேண்டிய கணக்கு. அதனால் மட்டும் பங்கு மாறிவிடாது.

கடைசித் தவணை கட்டியதும் அடமானம் தானாக நீங்கிவிடுவதில்லை. வழக்கறிஞர் வழியாக நில ஆணையத்தில் விடுவிப்பைப் பதிய வேண்டும். விற்பனையாளர் முத்திரை வரி இவர்களைத் தொடாது. 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை நான்கு ஆண்டுக்குள் விற்பவருக்கோ முதலாண்டில் 16 விழுக்காடு. பிறகு ஆண்டுதோறும் நான்கு நான்காகக் குறையும். மூலதன ஆதாய வரி சிங்கப்பூரில் கிடையாது. வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால் வருமான வரி வரலாம்.

சிராங்கூன் சாலைப் பக்கத்து வணிகக் கடைவீடு என்றால் கதை வேறு. அத்தகைய கட்டடம் வாங்கச் சேம நிதியை எடுக்கும் வசதி 2006 ஜூலையோடு நின்றுவிட்டது. அதன்பின் வாங்கியவர்களில் யார் எவ்வளவு போட்டார் என்பதற்கு வங்கி ரசீதுகளும் குடும்பத்தார் எழுதிவைத்த குறிப்புகளும்தான் சாட்சி.

விற்காமல் தம்பியின் பங்கை அண்ணனே வாங்கலாமே என்பார்கள். குடிமகனான அண்ணனுக்கு ஏற்கெனவே சொந்த வீடு ஒன்று இருந்தால், வாங்கும் பங்கின் மதிப்பில் 20 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி.