கால்மிதியில் ஒரு வயல்

தேய்ந்துபோன தென்னைநார்க் கால்மிதியைத் தூக்கி எறியப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள்! நடுப்பகுதி தேய்ந்தாலும் ஓரத்து நார் நிமிர்ந்தே நிற்கும். அதில் ஒரு வயலே செய்யலாம்.

மேசைமேல் பொம்மை வீரர்களை நிறுத்திப் பழைய போர்களை ஆடிப் பார்ப்பது மேல்நாட்டில் பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார்.

அந்த மேசையில் வயல் எதற்கு என்கிறீர்களா? 1815 ஜூன் 16 அன்று, இன்றைய பெல்ஜியத்திலுள்ள காத்தர் பிரா என்னுமிடத்தில் நெப்போலியனின் படையும் வெலிங்டனின் படையும் மோதின. கோதுமை இனத்தைச் சேர்ந்த ரைப் பயிர் அங்கே ஆளுயரம் வளர்ந்திருந்தது. அதன் மறைவில் பிரெஞ்சுக் குதிரைப்படை நெருங்கியது. ஸ்காட்லாந்து வீரர்கள் சதுர அணி வகுத்து முடிப்பதற்குள் ஈட்டிக்காரர்கள் உள்ளே பாய்ந்துவிட்டனர். பயிர் மறைத்ததால் பல உயிர்கள் போயின.

செய்முறை எளிது. மிதியைக் கவிழ்த்து, கூரிய கத்தியால் பின்புறமிருந்து பட்டை பட்டையாக வெட்டுங்கள். இவ்வேலை பெரியவர்களுக்கே உரியது. பட்டைகளை அட்டையில் ஒட்டி, ஓரத்தில் பசை தடவி மணல் தூவுங்கள். நார் நுனியில் இளம்பச்சைச் சாயத்தை லேசாகத் தீற்றுங்கள். பொம்மை 28 மில்லிமீட்டர் உயரமென்றால், நார் அதன் மார்பளவாவது இருக்கட்டும்.

ஒரு பட்டையில் மட்டும் நாரை ஒட்ட நறுக்கி விடுங்கள். அது படை மிதித்த பாதை. அங்கே அறுவடை இல்லை. விதைத்த குடியானவரின் உழைப்பெல்லாம் மண்ணோடு போயிற்று. விளையாடும் பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக் கொடுங்கள்.